இங்கிலாந்தில் வாடகை வீடுகளின் மின் பாதுகாப்புச் சோதனை

வாடகை வீடுகளின் மின் பாதுகாப்புச் சோதனை என்பது, வாடகைக்கு விடப்படும் ஒரு வீட்டின் நிலையான மின் நிறுவல் அங்கு குடியிருப்போருக்குத் தீங்கு விளைவிக்காத நிலையில் உள்ளதா என்பதைத் தகுதி பெற்ற ஒருவர் குறிப்பிட்ட கால இடைவெளியில் பார்வையிட்டும் அளந்தும் அறிந்து, எழுத்தில் அறிக்கை தருவதைக் குறிக்கும். மின்மானிக்குப் பின் வரும் பகிர்வுப் பெட்டி, சுவருக்குள் செல்லும் கம்பிகள், சுவிட்சுகள், பிளக் பாயின்ட்டுகள், விளக்குப் பொருத்திகள், புவி இணைப்பு ஆகியவை சேர்ந்ததே நிலையான மின் நிறுவல் ஆகும். குளிர்பதனப் பெட்டி, சலவை எந்திரம் போன்று செருகிப் பயன்படுத்தும் கருவிகள் இதில் அடங்கா.

இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளுக்கு இச்சோதனை 2020 ஆம் ஆண்டு முதல் சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படாத இடைவெளியில் இது செய்யப்பட வேண்டும். சோதனையின் முடிவில் தரப்படும் ஆவணம் மின் நிறுவல் நிலை அறிக்கை எனப்படுகிறது. 2010களின் தொடக்கம் வரை இதற்குக் காலமுறை ஆய்வறிக்கை என்ற பெயர் வழங்கியது.

சோதனையின் தேவை

குழாயில் பழுது ஏற்பட்டால் நீர் ஒழுகும். கூரையில் பழுது ஏற்பட்டால் மழை உள்ளே வரும். மின் நிறுவலின் பழுதுகள் பெரும்பாலும் இவ்வாறு தம்மைக் காட்டிக்கொள்வதில்லை. விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது என்பதால் நிறுவல் நன்றாக உள்ளது என்று முடிவு செய்ய இயலாது. இதனை மூன்று எடுத்துக்காட்டுகளால் விளங்கிக்கொள்ளலாம்.

முதலாவது, தளர்ந்த இணைப்பு. ஒரு கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கும் திருகு காலப்போக்கில் தளர்ந்து, அவ்விடத்தில் 0.1 ஓம் மின்தடை உருவாகிவிட்டது எனக் கொள்வோம். அதன் வழியே 30 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்தால், மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்க, 90 வாட்டு வெப்பம் அந்த ஓரிடத்தில் வெளிப்படும். பழைய குண்டு விளக்கு ஒன்றின் வெப்பத்திற்கும் மேலான இவ்வெப்பம் நிலக்கடலை அளவேயுள்ள ஒரு முனையில் குவிகிறது. 32 ஆம்பியர் சுற்று உடைப்பானோ இதை அறியாது. அதன் வழியே செல்வது 30 ஆம்பியர் மட்டுமே ஆதலால் அது துண்டிக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. காப்புறை கருகி, அருகிலுள்ள மரமோ நெகிழியோ பற்றும் வரை எல்லாம் இயல்பாகவே இயங்கும்.

இரண்டாவது, பிரித்தானிய வீடுகளுக்கே உரிய வளையச் சுற்று. இரண்டாம் உலகப்போருக்குப் பின் செப்பினைச் சிக்கனப்படுத்தும் நோக்கத்தோடு பரவிய இம்முறையில், பிளக் பாயின்ட்டுகளுக்குச் செல்லும் கம்பி பகிர்வுப் பெட்டியில் புறப்பட்டு வீட்டைச் சுற்றி மீண்டும் அதே பெட்டிக்கு வந்து சேரும். ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் இரு திசைகளிலிருந்தும் மின்சாரம் வருவதால், 2.5 சதுர மி.மீ. கம்பியைக் கொண்டே 32 ஆம்பியர் சுற்றினை அமைக்க முடிகிறது. வளையம் ஓரிடத்தில் அறுந்துவிட்டால் என்னவாகும்? ஒன்றும் ஆகாது, எல்லாப் பாயின்ட்டுகளும் முன்போலவே வேலை செய்யும். ஆனால் இரு வழிகளில் பகிர்ந்து வந்த சுமை முழுவதும் இப்போது ஒரே வழியில் செல்கிறது. தனித்து 32 ஆம்பியரைத் தாங்குவதற்கென்று அக்கம்பி தேர்ந்தெடுக்கப்படவில்லை. உடைப்பானும் 32 ஆம்பியர் வரை அனுமதித்துக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, புவி இணைப்புக் கம்பி. பழுது இல்லாத நாள்களில் இக்கம்பிக்கு வேலையே இல்லை. சலவை எந்திரத்தின் உள்ளே ஒரு கம்பி கழன்று உலோக உடலைத் தொடும்போதுதான் அதன் தேவை எழுகிறது. ஆகையால் அது அறுந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தாலும் வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

வாடகை வீடுகளில் இச்சிக்கல் மேலும் கூர்மை அடைகிறது. தன் வீட்டில் வாழ்பவர், சுவிட்சு சுடுகிறது என்றால் தாமே ஆளை அழைத்துச் சரிசெய்வார். குடியிருப்பாளருக்குப் பகிர்வுப் பெட்டியை மாற்றும் உரிமை இல்லை. வீட்டு உரிமையாளரோ அவ்வீட்டில் உறங்குவதில்லை. இடருக்கு உள்ளாகுபவர் ஒருவர், அதை நீக்கும் அதிகாரம் உள்ளவர் வேறொருவர் என்ற இந்த இடைவெளியே இதைச் சட்டத்தின் பொருளாக்கியது.

ஓர் இறப்பும் ஒரு சான்றிதழும்

2007 திசம்பரில் இங்கிலாந்தின் வெசுட்டு புரொம்விச்சு நகரில், வாடகைக் குடியிருப்பு ஒன்றில் வசித்த 22 வயதுப் பெண் மின்னதிர்ச்சியால் இறந்தார். கசிந்து தேங்கிய நீரை அப்புறப்படுத்திக்கொண்டிருந்தபோது இது நேர்ந்தது. கட்டடம் பழையதன்று, முந்தைய ஆண்டில்தான் அங்கு கட்டுமானப் பணிகள் நடந்திருந்தன. சுவர்ப் பலகையைப் பொருத்தியபோது அடிக்கப்பட்ட ஆணி ஒன்று உள்ளே சென்ற மின்கம்பியைத் துளைத்திருந்தது.

அக்குடியிருப்புக்கு மின் சோதனைச் சான்றிதழ் இருந்தது. ஆனால் சோதனையைச் செய்தவர் தகுதி பெற்ற மின்வினைஞர் அல்லர், மின்வினைஞரின் உதவியாளர். முறையாக அளந்திருந்தால் கம்பியின் சேதம் குடியேறுவதற்கு முன்பே வெளிப்பட்டிருக்கும் என்பதே பின்னர் நடந்த வழக்கின் சாரம். பணியை மேற்கொண்ட நிறுவனத்திற்கும் மேற்பார்வையாளருக்கும் நீதிமன்றம் தண்டம் விதித்தது. இறந்த பெண்ணின் தாயார், கசிவு மின்னோட்டத் துண்டிப்பான் எல்லா வீடுகளிலும் இருக்கவேண்டும் எனத் தொடர்ந்து பரப்புரை செய்தார்.

சோதனை பற்றிய சட்டங்களில் 'தகுதி பெற்றவர்' என்னும் சொல் ஏன் இவ்வளவு அழுத்தம் பெறுகிறது என்பதற்கு இந்நிகழ்வு விளக்கமாக அமைகிறது. சான்றிதழ் இல்லாத வீட்டில் ஐயமாவது இருக்கும். பொய்யான எண்கள் நிரப்பப்பட்ட சான்றிதழ் அந்த ஐயத்தையும் போக்கிவிடுகிறது.

வரலாறு

மின் நிறுவல்களுக்கான முதல் பிரித்தானிய விதிகள் 1882 இல், மின் விளக்குகளால் ஏற்படும் தீ அபாயங்களைத் தடுப்பதற்கென வெளியிடப்பட்டன. தலைப்பே காட்டுவதுபோல் அன்றைய அச்சம் தீயைப் பற்றியது. மின்னதிர்ச்சி பற்றிய கவலை பின்னரே வலுப்பெற்றது. அவ்விதிகள் பல பதிப்புகளைக் கண்டு, 1992 இல் பி.எசு. 7671 என்னும் பிரித்தானியத் தரமாயின. 18 ஆம் பதிப்பு 2018 இல் வெளியாகி 2019 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

ஒவ்வொரு பதிப்பும் அக்காலத்து வீடுகளில் தன் தடத்தை விட்டுச் சென்றுள்ளது. 1960களின் நடுப்பகுதி வரை விளக்குச் சுற்றுகளுக்குப் புவி இணைப்புக் கம்பி தேவைப்படவில்லை. எனவே அதற்கு முன் கட்டப்பட்டு, கம்பிகள் மாற்றப்படாத வீடுகளில் உலோக விளக்குப் பொருத்திகள் புவி இணைப்பின்றியே தொங்குகின்றன. அக்காலத்து இரப்பர்க் காப்புறை முதுமையில் உலர்ந்து, தொட்டால் பொடியாக உதிரும். 2004 இல் கம்பிகளின் நிறங்கள் சிவப்பு, கறுப்பு என்பதிலிருந்து பழுப்பு, நீலம் என மாற்றப்பட்டன. பழைய நிறக் கம்பி இருப்பது மட்டுமே குறை ஆகாது; ஆனால் இரு நிறங்களும் கலந்துள்ள வீட்டில், இங்கிலாந்தின் பழைய முறைப்படி கறுப்பு நடுநிலை என்பதை அறியாத ஒருவர் கைவைத்தால் இடர் நேரலாம்.

வீட்டு உரிமையாளர் மின் நிறுவலைப் பழுதின்றி வைத்திருக்க வேண்டும் என்னும் பொதுக்கடமை 1985 ஆம் ஆண்டின் நிலக்கிழார் - குடியிருப்பாளர் சட்டத்திலேயே உண்டு. ஆனால் அதைச் சோதித்து நிறுவவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எரிவாயுக் கருவிகளுக்கோ 1990களிலிருந்தே ஆண்டுதோறும் சோதனை கட்டாயம். பல குடும்பங்கள் சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்துகொள்ளும் வீடுகளுக்கு மட்டும் 2006 இல் ஐந்தாண்டுச் சோதனை விதிக்கப்பட்டது. எல்லாத் தனியார் வாடகை வீடுகளுக்கும் விதிகள் இயற்றும் அதிகாரத்தை 2016 ஆம் ஆண்டின் வீட்டுவசதி, திட்டமிடல் சட்டம் அரசுக்கு வழங்கியது. அவ்விதிகள் 2020 சூன் 1 இல் நடைமுறைக்கு வந்து, அவ்வாண்டு சூலை 1 முதல் புதிய வாடகை ஒப்பந்தங்களுக்கும் 2021 ஏப்பிரல் 1 முதல் நடப்பிலிருந்த ஒப்பந்தங்களுக்கும் பொருந்தின.

உள்ளாட்சி மன்றங்களும் வீட்டுவசதிச் சங்கங்களும் வாடகைக்கு விடும் சமூக வீடுகள் இதில் சேர்க்கப்படவில்லை. 2017 சூன் 14 அன்று இலண்டனில் 72 பேர் இறக்கக் காரணமான கிரென்ஃபெல் கோபுரத் தீ, சமூக வீடு ஒன்றின் குளிர்பதனப் பெட்டியில் தொடங்கியது என்பதை நினைக்கும்போது இவ்விடுபாடு வியப்பளிக்கிறது. 2025 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சமூக வீடுகளும் விதிகளுக்குள் கொண்டுவரப்பட்டன. புதிய ஒப்பந்தங்களுக்கு 2025 நவம்பர் 1 உம், பழைய ஒப்பந்தங்களுக்கு 2026 மே 1 உம் தொடக்க நாள்களாகக் குறிக்கப்பட்டன. சமூக வீடுகளில் உரிமையாளர் அளிக்கும் மின் கருவிகளையும் சோதிக்கவேண்டும் என்பது இத்திருத்தத்தின் சிறப்புக் கூறு.

சோதிக்கும் முறை

சோதனை மூன்று கட்டங்களாக நடைபெறும். முதலில் கண்ணால் பார்த்தல், அடுத்து மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அளத்தல், இறுதியில் மின்சாரம் உள்ளபோது அளத்தல். இவ்வரிசை தற்செயலானது அன்று. புவி இணைப்புச் சரியாக உள்ளது என்று உறுதி செய்யாத நிறுவலுக்கு மின்சாரம் கொடுத்துச் சோதிப்பது சோதிப்பவருக்கே ஆபத்து.

பார்வையிடல் எளியது போலத் தோன்றினாலும் குறைகளில் பெரும்பங்கு இதிலேயே அகப்படும். உடைந்த சுவிட்சு, கருகிய பாயின்ட்டு, மூடி இல்லாத இணைப்புப் பெட்டி, குளியல் தொட்டிக்கு மிக அருகில் அமைந்த பிளக் பாயின்ட்டு, மரப் பலகையில் பொருத்திய பழைய உருகிப் பெட்டி, உருகிக் கம்பிக்குப் பதிலாகச் சுற்றப்பட்ட தடித்த செப்புக் கம்பி ஆகியன சில.

துண்டித்த நிலைச் சோதனைகளில் முதலாவது தொடர்ச்சிச் சோதனை. புவி இணைப்புக் கம்பி பகிர்வுப் பெட்டியிலிருந்து சுற்றின் கடைசிப் பாயின்ட்டு வரை அறுபடாமல் செல்கிறதா என்பது குறைந்த மின்தடைகளை அளக்கும் மானியால் அறியப்படும். வளையச் சுற்றாயின் அதன் இரு முனைகளையும் பெட்டியில் கழற்றி, வளையம் முழுமையாக உள்ளதா என்று பார்ப்பர். மேலே கூறிய அறுந்த வளையம் இங்கேதான் வெளிப்படும்.

அடுத்தது காப்புத்தடைச் சோதனை. தமிழ்நாட்டு மின்பணியாளர்கள் மெக்கர் பார்ப்பது என்பது இதனையே. 230 வோல்ட்டுச் சுற்றுக்கு 500 வோல்ட்டு நேர்மின்னழுத்தம் செலுத்தி, மின்னோட்டம் செல்லும் கம்பிகளுக்கும் புவி இணைப்புக்கும் இடையிலுள்ள மின்தடை அளக்கப்படும். அது 1 மெகா ஓமுக்குக் குறையலாகாது. நல்ல நிலையிலுள்ள கம்பிகள் நூற்றுக்கணக்கான மெகா ஓம் காட்டும். ஆகவே 2 மெகா ஓம் காட்டும் ஒரு சுற்று விதிப்படி தேறினாலும், அனுபவமுள்ள சோதனையாளர் அதன் காரணத்தைத் தேடாமல் விடமாட்டார். விளக்கின் ஒளியைக் குறைக்கும் இலத்திரனியல் சுவிட்சு போன்றவற்றைக் கழற்றாமல் இச்சோதனையைச் செய்தால் அவை பழுதாகிவிடும் என்பதால், அவசரமாகச் சோதிப்பவர்கள் தவிர்க்க விரும்புவதும் இதனையே.

மின்சாரம் உள்ள நிலையில் செய்யப்படும் முதன்மையான அளவீடு, புவிப் பழுதுத் தடத்தின் மின்தடையாகும். ஒரு கருவியின் உலோக உடலில் பேஸ் எனப்படும் கட்டக் கம்பி பட்டுவிட்டால், மின்னோட்டம் புவி இணைப்புக் கம்பி வழியாக மின்மாற்றி வரை சென்று திரும்பும் ஒரு தடம் உருவாகிறது. அத்தடத்தின் மின்தடை சிறிதாக இருந்தால் பாயும் மின்னோட்டம் பெரிதாகும். உடைப்பான் உடனே துண்டிக்கும். தடை பெரிதானால் துண்டிப்பு தாமதமாகும்.

இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பி வகையைச் சேர்ந்த 32 ஆம்பியர் சுற்று உடைப்பான், தன் அளவைப்போல் 5 மடங்கான 160 ஆம்பியரில் உறுதியாக உடனே துண்டிக்கும். வழங்கப்படும் மின்னழுத்தம் சற்றுக் குறையக்கூடும் என்பதற்காக 230 வோல்ட்டை 0.95 ஆல் பெருக்கி 160 ஆல் வகுத்தால் 1.37 ஓம் கிடைக்கிறது. தடத்தின் மின்தடை இதற்கு மிகாமல் இருக்கவேண்டும். அது 3 ஓம் ஆக இருக்கும் வீட்டில் பழுது நேர்ந்தால் சுமார் 77 ஆம்பியர் மட்டுமே பாயும். 32 ஆம்பியர் உடைப்பான் துண்டிக்கப் பல நொடிகள் பிடிக்கலாம். வீட்டுப் பிளக் பாயின்ட்டுச் சுற்றுகளுக்குத் தரம் அனுமதிக்கும் நேரம் பொதுவாக 0.4 நொடி. அந்தப் பல நொடிகளும் சலவை எந்திரத்தின் உடலில் மின்னழுத்தம் நிற்கும்.

இறுதியாக, கசிவு மின்னோட்டத் துண்டிப்பான் சோதிக்கப்படும். இது கட்டக் கம்பி வழியே செல்லும் மின்னோட்டத்தையும் நடுநிலைக் கம்பி வழியே திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும் கருவி. இரண்டும் சமமாக இல்லையெனில், குறையும் பகுதி வேறெங்கோ கசிகிறது என்று பொருள். அது ஒரு மனித உடலாகவும் இருக்கலாம். உடலின் மின்தடையைத் தோராயமாக 1,500 ஓம் எனக் கொண்டால் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 150 மில்லி ஆம்பியர் பாயும். இதயத் துடிப்பைக் குலைக்க இது போதும். ஆனால் 32 ஆம்பியர் சுற்று உடைப்பானின் கணக்கில் இது ஒன்றுமே இல்லை. உடைப்பான் கம்பியைக் காக்கவே அமைந்தது. மனிதரைக் காப்பது 30 மில்லி ஆம்பியரில் இயங்கும் இத்துண்டிப்பானே. அந்த அளவு கசிவில் அது 300 மில்லி நொடிகளுக்குள் துண்டிக்கிறதா என்பது சோதனைக் கருவியால் அளக்கப்படும். துண்டிப்பானின் மீதுள்ள சோதனைப் பொத்தான் அதன் இயக்கம் இறுகிவிடவில்லை என்பதை மட்டுமே காட்டும். எவ்வளவு நேரத்தில் துண்டித்தது என்பதைக் காட்டாது. ஆயினும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை குடியிருப்பாளர் அதை அழுத்திப் பார்ப்பது நல்லது.

குறியீடுகள்

காணப்பட்ட குறைகள் ஒவ்வொன்றுக்கும் அறிக்கையில் ஒரு குறியீடு தரப்படும். சி1 என்பது ஆபத்து இப்போதே உள்ளது என்பதாகும்; கைபடக்கூடிய இடத்தில் மின்னழுத்தமுள்ள கம்பி வெளியே தெரிவது இதற்கு எடுத்துக்காட்டு. இத்தகைய குறையைக் கண்ட சோதனையாளர் அதை அப்படியே விட்டுச் செல்லலாகாது. இயன்றவரை அவ்விடத்திலேயே ஆபத்தை நீக்கிவிட்டு, பொறுப்பானவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். சி2 என்பது வேறொரு பழுது சேர்ந்தால் ஆபத்தாகக்கூடியது. புவி இணைப்பு இல்லாத உலோக விளக்குப் பொருத்தி இவ்வகையைச் சேரும்: இன்று தொட்டால் ஒன்றுமில்லை, உள்ளே ஒரு கம்பி கழன்ற பிறகு தொட்டால் உயிருக்கே கேடு. சி3 என்பது மேம்படுத்தினால் நல்லது என்னும் பரிந்துரை மட்டுமே. நான்காவது குறியீடு மேலும் ஆராயப்பட வேண்டியதைக் குறிக்கும்.

முதல் இரண்டில் ஒன்றோ, மேலும் ஆராயவேண்டும் என்ற குறியீடோ ஒன்றே ஒன்று இருந்தாலும் அறிக்கையின் முடிவு நிறைவளிக்கவில்லை என்றே அமையும். சி3 எத்தனை இருந்தாலும் அறிக்கை தேறிவிடும். சட்டப்படி அவற்றைச் சரிசெய்யவேண்டிய கட்டாயமும் இல்லை.

புதிய தரத்திற்குப் பொருந்தாத எல்லாமே குறை என்று எண்ணுவது பரவலான தவறான புரிதல். முந்தைய பதிப்பின்படி அமைக்கப்பட்ட நிறுவல், இன்றும் பாதுகாப்பாகப் பயன்படுமாயின், அதை மாற்றவேண்டியதில்லை என்பதைத் தரமே கூறுகிறது.

உரிமையாளரின் கடமைகள்

அறிக்கையின் படியைக் குடியிருப்பாளருக்குச் சோதனை நடந்த 28 நாள்களுக்குள் தரவேண்டும். புதிதாகக் குடியேறுபவருக்கு அவர் வீட்டில் குடிபுகும் முன்பே தரவேண்டும். உள்ளாட்சி மன்றம் கேட்டால் 7 நாள்களுக்குள் அளிக்கவேண்டும். நிறைவளிக்காத அறிக்கை வந்தால், 28 நாள்களுக்குள் அல்லது அறிக்கை அதனினும் குறைந்த காலத்தைக் குறித்திருந்தால் அதற்குள், பணிகளை முடித்து, முடித்ததற்கான எழுத்துச் சான்றைக் குடியிருப்பாளருக்கும் மன்றத்திற்கும் அனுப்பவேண்டும்.

உரிமையாளர் தவறினால் மன்றம் அறிவிப்புக் கொடுக்கும். அதற்கும் பணியாவிடில் குடியிருப்பாளரின் இசைவுடன் தானே ஆளமர்த்திப் பணியை முடித்து, செலவை உரிமையாளரிடம் அறவிடலாம். தண்டத்தின் உச்ச அளவு 2020 இல் 30,000 பவுண்டு என இருந்து, 2025 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 40,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது. குடியிருப்பாளர் கதவைத் திறக்க மறுத்தால், உரிமையாளர் தக்க முயற்சிகள் அனைத்தையும் எடுத்தார் என்று காட்டினால் போதுமானது.

உரிமையாளரோடு ஒரே வீட்டைப் பகிர்ந்து வாழ்வோர், 7 ஆண்டுகள் அல்லது அதற்கு மேற்பட்ட நெடுங்குத்தகைகள், மாணவர் விடுதிகள், மருத்துவமனைகள், பராமரிப்பு இல்லங்கள் ஆகியவற்றுக்கு இவ்விதிகள் பொருந்தா. தன் சொந்த வீட்டில் வாழ்பவருக்கும் சட்டக் கட்டாயம் இல்லை. பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறையோ வீடு கைமாறும்போதோ சோதிப்பது நன்று என்பது பரிந்துரை மட்டுமே.

விமர்சனங்கள்

சோதிப்பவரே பழுதுபார்க்கும் பணியையும் ஏற்றுக்கொள்வது வழக்கமாக உள்ளதால், இல்லாத சி2 குறைகளைக் காட்டிப் புதிய பகிர்வுப் பெட்டியை விற்கும் போக்கு இருப்பதாக உரிமையாளர்கள் குறைகூறுகின்றனர். மறுபுறம், மிகக் குறைந்த கட்டணத்திற்கு அரைமணி நேரத்தில் முடிக்கப்படும் சோதனைகளும் உள்ளன. ஒரு நடுத்தர வீட்டின் எல்லாச் சுற்றுகளையும் முறையாக அளக்கச் சில மணி நேரமாவது தேவை. இவ்விரண்டில் பின்னையதே கொடியது. மிகைப்படுத்திய அறிக்கையால் உரிமையாளருக்குப் பணம் வீணாகும். அளக்காமல் எழுதிய அறிக்கையின் விலையைக் கொடுப்பவர் குடியிருப்பாளர்.

அறிக்கையைப் படிப்பவர் கவனிக்கவேண்டிய பகுதி, அதில் குறிப்பிடப்படும் வரம்புகள் ஆகும். எல்லாப் பாயின்ட்டுகளையும் திறந்து பார்ப்பது நடைமுறையில் இயலாது. ஒரு பகுதி மட்டுமே மாதிரியாகப் பார்க்கப்படும். எந்தச் சுற்று சோதிக்கப்படவில்லை, ஏன் என்பதை அறிக்கை கூறவேண்டும். எல்லாச் சுற்றுகளுக்கும் ஒரே எண் எழுதப்பட்டிருந்தால் அளவீடு உண்மையில் நடந்ததா என்று ஐயுறலாம். வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளின் மின்தடை ஒன்றாக இருப்பதில்லை.

பிற நாடுகளில்

ஐக்கிய இராச்சியத்தின் பிற பகுதிகளிலும் ஐந்தாண்டு இடைவெளியே பின்பற்றப்படுகிறது. இசுக்கொட்லாந்து 2015 திசம்பரிலேயே இதைத் தொடங்கியது. வேல்சில் 2022 திசம்பரிலும் வட அயர்லாந்தில் 2025 ஏப்பிரலிலும் நடைமுறைக்கு வந்தது. ஆத்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 மார்ச்சு முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வாடகை வீடுகள் சோதிக்கப்படுகின்றன. பிரான்சில் 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மின் நிறுவல் கொண்ட வீட்டை விற்கும்போது 2009 முதலும், வாடகைக்கு விடும்போது 2017, 2018 ஆம் ஆண்டுகளில் படிப்படியாகவும் மின் ஆய்வறிக்கை தேவையாக்கப்பட்டது. அங்கு அறிக்கையின் நோக்கம் பெரும்பாலும் தெரிவிப்பதே. யப்பானின் முறை வேறானது: சொந்த வீடு, வாடகை வீடு என்ற வேறுபாடின்றி, பொதுவாக நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மின் வழங்கும் தரப்பின் பொறுப்பில் வீடுகளில் கசிவு அளக்கப்படுகிறது. உரிமையாளர் மறந்துவிட்டார் என்பதற்கு இதில் இடமில்லை.

இந்தியாவில் 1956 ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 46 ஆம் விதி, மின் வழங்கலோடு இணைக்கப்பட்ட நிறுவல்கள் ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படாத இடைவெளியில் சோதிக்கப்பட வேண்டும் என்றது. நடுவண் மின்சார ஆணையம் 2010 இல் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் காலமுறைச் சோதனையைத் தொடர்ந்தன. அவற்றின் இடத்தை 2023 ஆம் ஆண்டின் புதிய ஒழுங்குவிதிகள் பெற்றன. ஆயினும் சாதாரண வீடுகளைப் பொறுத்தவரை சோதனை என்பது புதிய இணைப்புப் பெறும்போது உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் தரும் சோதனை அறிக்கையோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. 2021 இல் நடுவண் அரசு ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், வீட்டின் உள், வெளி மின்கம்பிகளின் பராமரிப்பை உரிமையாளரின் பொறுப்பிலும், சுவிட்சு, பாயின்ட்டு, சுற்று உடைப்பான் ஆகியவற்றின் பழுதுபார்ப்பைக் குடியிருப்பாளரின் பொறுப்பிலும் வைக்கிறது. யார் பழுதுபார்ப்பது என்பதை அது பிரித்துத் தருகிறதே தவிர, பழுது உள்ளதா என்று யார் அளந்து பார்ப்பது என்பதைக் கூறவில்லை.